பித்தளைப் பெட்டியில் கற்கண்டு: முதல் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்களுக்குச் சென்ற பரிசுகள்

1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பிரான்ஸ் போர்முனையில் இருந்த படையினருக்கு ஒரு சிறு பித்தளைப் பெட்டி வழங்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ ஐந்து அங்குலம். மூடியின் நடுவே பிரிட்டிஷ் அரசரின் மகள், பதினேழு வயது இளவரசி மேரியின் முகம் புடைப்பாகப் பொறிக்கப்பட்டிருந்தது. அவர் பெயரில் அந்த அக்டோபரில் தொடங்கிய நிதிக்குப் பொதுமக்கள் மொத்தமாக 1,93,667 பவுண்டு அளித்தார்கள். பெட்டிக்குரியவர்கள் என்று இறுதியில் கணக்கிடப்பட்டவர்களின் எண்ணிக்கை 26 லட்சத்தைக் கடந்தது. அத்தனை பெட்டிகளுக்குப் பித்தளை கிடைப்பதே பெரும்பாடாயிற்று. 1915 மே மாதம் மூழ்கடிக்கப்பட்ட லூசிட்டானியா கப்பலோடு இந்தப் பெட்டிகளுக்காக அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்த பித்தளைத் தகடும் கடலுக்குள் போயிற்று.

பெட்டி ஒன்றுதான், உள்ளிருந்த பொருள் ஆளுக்கு ஆள் மாறியது. புகைபிடிக்கும் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் புகைக்குழாய், ஓர் அவுன்ஸ் புகையிலை, இருபது சிகரெட், தீமூட்டி. புகைக்காதவருக்குப் புளிப்பு மிட்டாயும் எழுதுகோலும் தாளும் உறையும். கூர்க்காக்களுக்குப் பிரிட்டிஷ் சிப்பாய்க்கு உரியதே உரியதாயிற்று. சீக்கியருக்குக் கற்கண்டும் ஒரு தகர டப்பியில் மசாலாவும். சீக்கியர் புகையிலையைத் தொடமாட்டார்கள் என்பது திட்டமிட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏனைய இந்தியப் படையினர் அனைவருக்கும் சிகரெட், கற்கண்டு, மசாலா டப்பி. தோல்பையில் தண்ணீர் சுமந்து பதுங்குகுழி வரை சென்ற பிஸ்திகளுக்கு மசாலா டப்பி மட்டும். எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாழ்த்து அட்டை. இளவரசியின் பெயராலும் தாயகத்து நண்பர்கள் பெயராலும் அது வாழ்த்துக் கூறியது. ஜலந்தர், கர்வால், பெஷாவர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவனுக்கு அந்தத் தாயகம் எது என்று அட்டை சொல்லவில்லை.

இந்தப் பட்டியலைக் கருணையின் வரலாறாகவும் படிக்கலாம். ஆட்சியின் வரலாறாகவும் படிக்கலாம். இரண்டையும் பிரித்துவிட முடியாது என்பதே என் கருத்து. அயல் மண்ணில் போரிடும் வீரனுக்கு அனுப்பப்படும் பொட்டலம், அனுப்புகிறவர் அவனை யாராகப் பார்க்கிறார் என்பதைக் காட்டுகிறது. அவன் உண்மையில் எதை வேண்டினான் என்பதை அறிய வேறு ஆவணங்களைத் தேட வேண்டியிருக்கிறது. இந்தியச் சிப்பாய்களைப் பொறுத்தவரை அத்தகைய ஆவணம் ஒன்று நமக்கு வாய்த்திருக்கிறது: தணிக்கைக்கு உள்ளான அவர்களுடைய கடிதங்கள். பரிசுப் பட்டியலையும் கடிதத் தொகுப்பையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

1914 செப்டம்பர் 22 அன்று எம்டன் கப்பல் சென்னையின் மீது குண்டு வீசியது. அந்த இரவு நம் நினைவில் நன்றாகப் பதிந்திருக்கிறது. எம்டன் என்ற பெயர் நம் பேச்சு வழக்கிலேயே கலந்துவிட்டது. அதற்கு நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 26 அன்று, லாகூர் டிவிஷனின் முதல் பிரிவுகள் பிரான்ஸின் மார்சேய் துறைமுகத்தில் இறங்கின. பின்னால் மீரட் டிவிஷன் வந்தது. போர் முடிவதற்குள் பிரான்ஸுக்கும் பெல்ஜியத்துக்கும் சென்ற இந்தியர்கள், போர்வீரரும் உழைப்பாளரும் சேர்ந்து, ஏறத்தாழ 1,40,000 பேர். சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். வந்திறங்கியவர்களில் பலர் உடுத்தியிருந்தது வெப்ப நாட்டுக்குரிய மெல்லிய காக்கித் துணி. ஃபிளாண்டர்ஸ் சமவெளியில் மழைக்காலம் தொடங்கியிருந்தது. கம்பளி மேலங்கிகள் உரிய நேரத்தில் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. முழங்கால் அளவு சேற்றில் நின்றவர்களின் பாதங்கள் மரத்துப் புண்ணாயின.

இந்தச் சூழலில் சிப்பாயின் மனநிலை அரசின் முதன்மையான கவலைகளுள் ஒன்றாயிற்று. அதற்குக் காரணங்கள் இருந்தன. 1857இல் கொழுப்புத் தடவிய தோட்டா உறைகள் என்ன விளைவித்தன என்பதை இந்திய ராணுவத்தின் எந்த அதிகாரியும் மறந்திருக்கவில்லை. 1914 நவம்பரில் துருக்கி ஜெர்மனியோடு சேர்ந்து போரில் இறங்கியது. சுல்தானின் பெயரால் புனிதப்போர் அறிவிக்கப்பட்டது. இந்தியப் படையிலோ முஸ்லிம்கள் கணிசமானவர்கள். சிப்பாய்களின் மொழி தெரிந்த வெள்ளை அதிகாரிகள் முதல் சில வாரங்களிலேயே பெருமளவில் மாண்டார்கள். இந்தியாவிலிருந்து புதிய ஆட்கள் வந்துசேர மாதங்கள் ஆயின. இந்நிலையில் ஒருவனுடைய தட்டில் எந்த இறைச்சி விழுகிறது, அவனுடைய தண்ணீரை யார் தொடுகிறார்கள் என்பவை படைத்தலைமை கவனிக்க வேண்டிய காரியங்களாயின.

அக்டோபர் 1914இல் லண்டனில் இந்தியச் சிப்பாய்கள் நிதி என்ற அமைப்பு நிறுவப்பட்டது. செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கத்தின் நிழலில் தோன்றிய இது, போர் முடியும்வரை இயங்கியது. கம்பளிக் காலுறை, கழுத்துத்துணி, கையுறை, காதுவரை மூடும் தொப்பி, இனிப்பு, மசாலா, சிகரெட் ஆகியவற்றைப் போர்முனைக்கும் மருத்துவமனைகளுக்கும் அனுப்பியது. சமயப் பொருள்களும் அதன் பட்டியலில் இடம்பெற்றன. சீக்கியருக்குக் கையில் அணியும் கடா, முஸ்லிம்களுக்குக் குர்ஆன், பிராமணருக்குப் பூணூல். பிராக்கன்ஹர்ஸ்டில் 500 படுக்கை கொண்ட லேடி ஹார்டிங் மருத்துவமனையும் இந்த நிதியால் நடந்தது.

இதே மாதங்களில் லண்டனில் இரண்டு இந்தியர்கள் துணி தைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட காந்தி, போர் தொடங்கிய இரண்டாம் நாள் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். அங்கிருந்த இந்தியரைத் திரட்டி மருத்துவத் தொண்டர் படை அமைப்பதில் ஈடுபட்டார். சரோஜினி நாயுடு உறுப்பினராக இருந்த லைசியம் என்ற மகளிர் சங்கம், சிப்பாய்களுக்கு உடை தைத்துத் தரும் பணியை மேற்கொண்டிருந்தது. அளவாக வெட்டிய துணிகளின் குவியல் ஒன்றை அவர் காந்தியின் முன் வைத்து, தைத்துத் திருப்பித் தருமாறு கேட்டார். முதலுதவிப் பயிற்சிக்கு நடுவே நண்பர்களின் துணையோடு இயன்ற அளவு தைத்துக் கொடுத்ததாகக் காந்தி தன் வரலாற்றில் எழுதுகிறார். பேரரசின் குடிகளாகக் கடமையைச் செய்தால் பேரரசு நம்மை மதிக்கும் என்று அன்று இருவரும் நம்பினார்கள். அந்தக் குவியலில் இருந்த நம்பிக்கையையும் சேர்த்துத்தான் இந்தப் பரிசுகளின் வரலாற்றை எழுத வேண்டும்.

அக்கறை போலியானது என்று நான் சொல்ல வரவில்லை. பிரைட்டன் நகரின் ராயல் பெவிலியன் என்ற அரண்மனை 1914 டிசம்பரில் இந்தியர்களுக்கான மருத்துவமனையாயிற்று. அங்கே சாதி, சமய வேறுபாடுகளுக்கு ஏற்ப ஒன்பது சமையற்கூடங்கள் அமைத்தார்கள். வார்டுதோறும் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குழாய்கள். புல்வெளியில் முஸ்லிம்கள் கிழக்கு நோக்கித் தொழ இடம். சீக்கியர் வழிபாட்டுக்கு ஒரு பெரிய கூடாரம். இறந்த இந்துக்களையும் சீக்கியரையும் நகருக்கு வெளியே பேச்சம் குன்றில் முறைப்படி எரியூட்டினார்கள். முஸ்லிம்கள் வோக்கிங் பள்ளிவாசலுக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்கள். போர்முனையிலும் ஆடுகள் உயிரோடு கொண்டுவரப்பட்டு அவரவர் முறைப்படி வெட்டப்பட்டன. பனியில் நடுங்கியவனுக்குக் காலுறை காலுறைதான். அதை அனுப்பியவரின் உள்நோக்கம் எதுவாயினும் பாதம் சூடாகும். நன்றி தெரிவிக்கும் கடிதங்கள் ஏராளம். அரசரின் இல்லத்தில் படுத்திருக்கிறோம் என்ற வியப்பும் பெருமையும் அவற்றில் உண்டு.

ஆனால் அந்த வியப்பு ஊருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதும் திட்டத்தின் ஒரு பகுதி. பெவிலியன் மருத்துவமனையின் படங்கள் அஞ்சலட்டைகளாக அச்சாயின. குர்முகியிலும் உருதுவிலும் நூல் வெளியிடப்பட்டது. புகழுரை நிறைந்த கடிதத்தைத் தணிக்கையாளர் மகிழ்ச்சியோடு கடக்க விட்டார். ஆளெடுப்பு நடந்துகொண்டிருந்த பஞ்சாப் கிராமங்களில் அது உரக்கப் படிக்கப்படும் என்பது அவருக்குத் தெரியும்.

தணிக்கையின் தலைமைப் பொறுப்பில் ஈவ்லின் ஹவல் என்ற இந்திய சிவில் சர்வீஸ் அதிகாரி இருந்தார். 1915 மார்ச்சுக்குள் பிரான்ஸிலிருந்த இந்தியர்கள் வாரத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் வரை கடிதங்கள் எழுதினார்கள். அத்தனையையும் படிப்பது இயலாத காரியம். தேர்ந்தெடுத்துப் படித்து, முக்கியமான பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, வாரந்தோறும் அறிக்கை அனுப்பினார்கள். மூலக் கடிதங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இன்று நாம் காண்பது இந்த ஆங்கிலப் பெயர்ப்புகளையே. சிப்பாய் தன் மொழியில் சொல்ல, எழுத்தறிந்த ஒருவன் எழுத, தணிக்கை அலுவலகம் பெயர்க்க, மூன்று கை மாறி அந்தக் குரல் நம்மிடம் வருகிறது. எழுதுகிறவனுக்கும் தன் கடிதம் படிக்கப்படும் என்பது தெரியும். இந்த எச்சரிக்கையோடுதான் அவற்றை அணுக வேண்டும்.

அறிக்கைகளில் ஹவல் செய்துள்ள ஒரு குறிப்பு கவனத்துக்குரியது. சிப்பாய்கள் கடிதங்களில் கவிதை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். இதை மனக் கலக்கத்தின் அபாய அறிகுறியாகக் கருத வேண்டியிருக்கிறது என்கிறார் அவர். இலக்கியம் பயின்றவர்கள் சிரிக்கலாம். ஆனால் அவர் தம் பணியை நன்கு அறிந்தவர். உரைநடையில் சொல்ல முடியாதது சேரும்போது மனிதர்கள் பாட்டுக்குப் போகிறார்கள் என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார்.

பாட்டுக்கு அடுத்தபடியாக உவமைக்குப் போனார்கள். மிகவும் பேசப்பட்ட உதாரணம் மிளகு. கறுமிளகு தீர்ந்துகொண்டிருக்கிறது, இப்போது சிவப்பைப் பயன்படுத்துகிறார்கள் என்ற பொருளில் ஒரு காயம்பட்ட சிப்பாய் ஊருக்கு எழுதினான். இந்தியில் மிளகுக்கும் மிளகாய்க்கும் ‘மிர்ச்’ என்ற ஒரே சொல்தான். கறுப்பு மிர்ச், சிவப்பு மிர்ச் என்று நிறத்தால் பிரிப்பார்கள். தமிழிலும் மிளகாய் தன் பெயரை மிளகிலிருந்தே பெற்றது. கறுமிளகு என்றால் இந்தியச் சிப்பாய். சிவப்பு என்றால் வெள்ளைச் சிப்பாய். நம் ஆட்கள் செத்துத் தீர்ந்துகொண்டிருக்கிறார்கள் என்பதே செய்தி. தணிக்கை அலுவலகம் இதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் பிடிக்கவில்லை. அரண்மனையிலிருந்து தகர டப்பியில் மசாலா வந்த அதே குளிர்காலத்தில், மசாலாவின் பெயராலேயே சாவைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

கடிதங்களில் அவர்கள் வேண்டியது என்ன? முதன்மையானது ஊர் திரும்புவது. காயம்பட்டவன் தன் கடனைக் கழித்துவிட்டான், அவனை இனி வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதே சிப்பாய்களின் நியாய உணர்வு. உப்பிட்டவனுக்கு உழைத்தாயிற்று; இரத்தமும் சிந்தியாயிற்று. ஆனால் குணமானவர்களை மறுபடியும் பதுங்குகுழிக்கே அனுப்பினார்கள். 1915இன் தொடக்க மாதங்களில் மருத்துவமனைக் கடிதங்களை நிறைத்த குறை இதுவே. பெவிலியன் அரண்மனையின் சரவிளக்குகள் இதற்கு ஈடாகவில்லை. ஊரில் இருக்கும் தம்பியைப் பட்டாளத்தில் சேரவிடாதீர்கள் என்று மறைமுகமாகவும் சில வேளை நேரடியாகவும் எழுதினார்கள். சேங்கொட்டை போன்ற, தோலில் புண்ணும் வீக்கமும் உண்டாக்கும் பொருளை ஊரிலிருந்து அனுப்பச் சொல்லிக் கேட்டதும் தணிக்கையாளர் கண்ணில் பட்டது. நோயாளி என்று காட்டித் தப்பிக்க அது உதவும். அரசரின் குடும்பம் கற்கண்டு அனுப்பிய இடத்துக்குத் தன் வீட்டிலிருந்து சேங்கொட்டை வராதா என்று ஒருவன் ஏங்கியிருக்கிறான். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்காமல் அன்றைய மனநிலையை எழுத முடியாது.

கையில் குண்டடி பட்டு வந்தவர்கள் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார்களா என்ற சந்தேகமும் எழுந்தது. பிரைட்டனில் இருந்த கிச்சனர் இந்திய மருத்துவமனையின் தலைவர் கர்னல் புரூஸ் சீட்டன் ஆயிரம் காயங்களை ஆராய்ந்து, அதற்குச் சான்றில்லை என்று அறிக்கை தந்தார். சிப்பாய்களின் மானத்தைக் காத்த அந்த அறிக்கையை எழுதியவரே தம் மருத்துவமனையைச் சுற்றி முள்வேலி இட்டுக் காவலும் போட்டார். நோயாளிகளும் இந்தியப் பணியாளர்களும் நகருக்குள் சென்று வெள்ளைப் பெண்களோடு பழகிவிடக் கூடாது என்பது கவலை. மனம் வெதும்பிய இந்திய உதவி மருத்துவர் ஒருவர் சீட்டனைச் சுட முயலும் அளவுக்கு அங்கே புழுக்கம் இருந்தது. ஒன்பது சமையற்கூடங்களும் முள்வேலியும் ஒரே ஊரில், ஒரே ஆண்டில், ஒரே அரசின் கீழ் இருந்தவை.

1915 மார்ச் 10 முதல் 13 வரை நடந்த நியூவ் ஷாப்பெல் சண்டையில் இந்தியப் படைப்பிரிவு நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தது; இறந்தோரும் காயம்பட்டோரும் இதில் அடங்குவர். அடுத்த குளிர்காலத்தை இவர்களால் தாங்க முடியாது என்ற முடிவுக்குத் தலைமை வந்தது. 1915 இறுதியில் காலாட்படை பிரான்ஸிலிருந்து விலக்கப்பட்டது. அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. பெரும்பாலோர் இன்றைய இராக்கான மெசபடோமியாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

அங்கேதான் இந்த ஒப்பீடு கூர்மையடைகிறது. பிரான்ஸில் நடந்த போரைப் பிரிட்டிஷ் செய்தித்தாள்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அரசர் மருத்துவமனைகளுக்குச் சென்றார்; ஆங்கிலேயப் பெண்கள் காலுறை பின்னினார்கள். மெசபடோமியப் போரை 1916 பிப்ரவரி வரை நடத்தியது இந்திய அரசு. சிம்லாவின் சிக்கனம் அங்கே கோலோச்சியது. படகு போதவில்லை, மருத்துவர் போதவில்லை, காய்கறி போதவில்லை. 1915 நவம்பரில் பாக்தாதுக்குத் தெற்கே டெசிஃபோன் சண்டையில் காயம்பட்ட ஆயிரக்கணக்கானோரை, வில்லில்லாத வண்டிகளில் ஆற்றங்கரைக்கு இழுத்துவந்து, படகுகளில் நெருக்கி ஏற்றி, பல நாள் பயணமாக பாஸ்ராவுக்கு அனுப்பினார்கள். மருத்துவ அதிகாரி மேஜர் கார்ட்டர், மெஜிடியா என்ற படகு வருவதைக் கண்டார். அதன் பக்கங்களில் கயிறு தொங்குவதாக முதலில் நினைத்தார். அருகே வந்தபோது அவை மேல்தளத்தில் கிடந்த நோயாளிகளின் மலம் வழிந்து உறைந்தவை என்று தெரிந்தது. இதை அறிக்கையாக எழுதியதற்காக அவர் மேலதிகாரிகளின் கண்டனத்துக்கு ஆளானார்.

டிசம்பரில் கூட் நகரம் முற்றுகைக்கு உள்ளாயிற்று. உணவு தீர்ந்தபோது குதிரைகளை வெட்டினார்கள். இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலோர் குதிரை இறைச்சியைத் தொடவில்லை. சமயத் தலைவர்களின் அனுமதி கம்பியில்லாத் தந்தி வழியே வரவழைக்கப்பட்டது. அப்போதும் பலர் தயங்கினார்கள். உண்டால் ஊரில் சாதி என்ன சொல்லும், மகளுக்கு மாப்பிள்ளை கிடைப்பானா என்பது அவர்கள் கவலை. புதிய இறைச்சியும் காய்கறியும் இன்றி ஸ்கர்வி நோய் அவர்களைத் தின்றது. 1916 ஏப்ரலில் வானூர்திகளிலிருந்து மாவு மூட்டைகளைப் போட்டார்கள். முற்றுகையில் சிக்கிய படைக்கு வான்வழியே உணவு அனுப்பிய முதல் முயற்சிகளுள் ஒன்று அது. சில மூட்டைகள் ஆற்றிலும் எதிரியின் பக்கத்திலும் விழுந்தன. 270 டன் பொருளோடு புறப்பட்ட ஜூல்னார் என்ற படகும் வழியில் பிடிபட்டது. ஏப்ரல் 29 அன்று சுமார் 13,000 பேர் சரணடைந்தார்கள்; அவர்களில் பெரும்பகுதியினர் இந்தியர்.

பிரைட்டனில் ஒன்பது அடுப்பு மூட்டிய அதே பேரரசு, இங்கே ஒரே அடுப்புக்கும் விறகு தரவில்லை. கண்ணுக்குத் தெரிந்த சிப்பாய்க்குக் கிடைத்தது, கண்ணுக்கு மறைந்த சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை. சென்னை மாகாண மக்களின் போர் நிதியிலிருந்து ‘மதராஸ்’ என்ற பெயரிலேயே ஒரு மருத்துவமனைக் கப்பலைத் தயார்செய்து அனுப்பினார்கள். ஆனால் அரசு திட்டமிடாத ஒன்றை நன்கொடையால் நிரப்ப ஓர் எல்லை உண்டு. 1917இல் மெசபடோமிய விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்தபோது லண்டன் அதிர்ந்தது. இந்தியாவுக்கான அமைச்சர் ஆஸ்டன் சேம்பர்லின் ஜூலையில் பதவி விலகினார்.

எதிர்த்தரப்பும் இதே கலையைக் கற்றிருந்தது. பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டார்ஃபில் ஜெர்மானியர் அமைத்த பிறைநிலா முகாமில் இந்தியக் கைதிகள் இருந்தார்கள். அவர்களுக்காக மரத்தால் ஒரு பள்ளிவாசல் கட்டப்பட்டது. இந்தியிலும் உருதுவிலும் ‘ஹிந்தோஸ்தான்’ என்ற செய்தித்தாள் அச்சிடப்பட்டது. பெர்லினில் இயங்கிய இந்தியக் குழு இவர்களைப் பிரிட்டனுக்கு எதிராகத் திருப்ப முயன்றது. அக்குழுவின் முன்னணியில் இருந்தவர் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயர். திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த செண்பகராமன் பிள்ளையும் அதில் இருந்தார். வீரேந்திரநாத் வேறு யாருமல்லர், சரோஜினி நாயுடுவின் தம்பி. அக்காள் லண்டனில் சிப்பாய்க்கு உடை தைக்க ஏற்பாடு செய்தார். தம்பி பெர்லினில் அதே சிப்பாயின் விசுவாசத்தைப் பெயர்க்க முயன்றார். லண்டன் நிதியும் அந்த முகாம்களுக்குப் பொட்டலங்கள் அனுப்பிக்கொண்டிருந்தது.

அந்தக் கைதிகளின் குரலை ஜெர்மன் அறிஞர்கள் மொழியாய்வுக்காகப் பதிவு செய்தார்கள். 1916 டிசம்பர் 11 அன்று மால் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய் ஒலிப்பெருக்கிக் குழலின் முன் பேசினார். பேச்சு ஏறத்தாழ ஒரு நிமிடம். ஒரு மனிதன் இருந்தான், இந்துஸ்தானத்தில் வெண்ணெய் உண்டு வாழ்ந்தான், ஐரோப்பியப் போருக்குள் வந்து விழுந்தான், ஜெர்மனியிடம் சிக்கினான், ஊர் திரும்பினால் மீண்டும் அதே உணவை உண்பான், இன்னும் இரண்டாண்டு இங்கேயே இருக்க நேர்ந்தால் செத்துப்போவான் என்பது அதன் சாரம். தன்னைப் படர்க்கையில் வைத்துப் பேசுகிறார். இரு தரப்பும் சிப்பாயின் மனத்தைக் கவர என்னென்னவோ அனுப்பிக்கொண்டிருந்தபோது, அவர் கேட்டது தன் வீட்டு வெண்ணெய்.

சரோஜினிக்குத் திரும்புவோம். 1915 டிசம்பரில் ஐதராபாத் மகளிர் போர் நிவாரணச் சங்கத்தின் அறிக்கைக்காக அவர் ஓர் ஆங்கிலக் கவிதை எழுதினார். அதன் தலைப்பின் பொருள் ‘இந்தியாவின் கொடை’. நிவாரணச் சங்கத்தின் அறிக்கை என்றால் எத்தனை சட்டை, எத்தனை காலுறை, எத்தனை ரூபாய் என்ற கணக்கு இருக்கும். அந்தக் கணக்குக்கு நடுவே அவர் கொடை என்ற சொல்லின் திசையைத் திருப்பிவிட்டார். அவருடைய கவிதையில் பேசுவது ஒரு தாய்நாடு. அது கொடுத்தது தன் பிள்ளைகளை. ஓராண்டுக்கு முன் துணிக்குவியலோடு காந்தியிடம் வந்தவர், இப்போது கடன் யார் பக்கம் இருக்கிறது என்று கேட்கிறார்.

அந்தக் கேள்வியை எண்களிலும் கேட்கலாம். இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து பல போர்முனைகளுக்குச் சென்றார்கள். 1917இல் இந்திய அரசு பிரிட்டனின் போர்ச் செலவுக்கு 10 கோடி பவுண்டு வழங்கியது. அதற்கும் அதிகாரப்பூர்வமாக அளிக்கப்பட்ட பெயர் கொடைதான். அதைக் கொடுக்கச் சொல்லி எந்த விவசாயியையும் கேட்கவில்லை. சுமை மட்டும் வரியாகவும் கடனாகவும் மக்கள் தலையில் ஏறியது. போர் முடிந்த மறு ஆண்டு, சிப்பாய்களை அதிகம் தந்த பஞ்சாபுக்கே ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக்கும் வந்தன. 1914இல் தையல் ஊசியை எடுத்த காந்தி, 1920இல் பேரரசு தந்த பதக்கங்களைத் திருப்பி அனுப்பினார். அவற்றுள் தென்னாப்பிரிக்கப் போரில் காயம்பட்டோரைச் சுமந்ததற்குக் கிடைத்ததும் ஒன்று.

இளவரசி மேரியின் பித்தளைப் பெட்டிகள் இன்றும் அருங்காட்சியகங்களிலும் ஏலக்கடைகளிலும் காணக் கிடைக்கின்றன. பெரும்பாலும் பிரிட்டிஷ் சிப்பாயின் பெட்டியே காட்சிக்கு வைக்கப்படுகிறது: மஞ்சள் உறையில் சிகரெட், புகைக்குழாய், எழுதுகோல். கற்கண்டு கரைந்துவிட்டது, மசாலா என்றோ குழம்பில் சேர்ந்துவிட்டது. பிஸ்திக்கோ பித்தளைப் பெட்டியே இல்லை. தகர டப்பியும் ஓர் அட்டையும் அவன் பங்கு. பதுங்குகுழியில் இருந்தவனுக்குக் குண்டுமழையில் தண்ணீர் கொண்டுபோனவன் அவன். எழுதத் தெரிந்த பிஸ்திகள் மிகச் சிலராகவே இருந்திருப்பார்கள். தணிக்கை அறிக்கைகளிலும் அவன் குரல் அரிது. படையினரின் மனவலிமையைப் பற்றி இனி எழுதுகிறவர்கள் இந்தப் பட்டியலின் கடைசி வரியிலிருந்து தொடங்கினால், வரலாறு சற்று வேறுவிதமாகத் தெரியும் என்று எண்ணுகிறேன்.